மீன் பிடிக்கிற சூட்டும் மேன்ஹோல் மூடியும்

மக்களே, முதல்ல ஒரு தகவல். பாதாளச் சாக்கடைக்குள் ஒரு மனுஷனை இறக்கணும்னா அவருக்கு என்னென்ன பாதுகாப்புச் சாமான் கொடுக்கணும்னு நம்ம நாட்டுல சட்டப்படி ஒரு பட்டியல் இருக்கு. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் வருஷத்துச் சட்டம், அதோட விதிகளில் வருது. நாற்பதுக்கும் மேல அயிட்டம். நாலு வகை வாயுவை அளக்கிற மானிட்டர், மூச்சுக் கருவி, ஹெட் லேம்ப், நைலான் ஏணி, சேஃப்டி பெல்ட்னு போய்க்கிட்டே இருக்கும். நடுவுல ஒரு அயிட்டம் வந்தப்ப கண்ணைக் கசக்கிட்டு மறுபடி படிச்சேன். மீன் பிடிக்கிறவங்க போடுற, பூட்ஸோட சேர்ந்த வேடர் சூட்.

வேடர்னதும் கண்ணப்ப நாயனாரை நினைச்சுடாதீங்க :-) இது தண்ணிக்குள்ள நடக்கிறவங்க போடுற உடுப்பு. கால்ல பூட்ஸ், அதுல இருந்து இடுப்பு வரைக்கும் இல்லேன்னா நெஞ்சு வரைக்கும் ஒரே துண்டா ஏறுற வாட்டர்ப்ரூஃப் பேன்ட், தோள்ல ரெண்டு பட்டை. வெளிநாட்டுல ஜில்லுனு ஓடுற ஆத்துல இதைப் போட்டுக்கிட்டு இறங்கி, இறகைக் கட்டி பூச்சி மாதிரி செஞ்ச தூண்டிலை வீசி ட்ரவுட் பிடிப்பாங்க. ஃப்ளை ஃபிஷிங். வெள்ளைக்காரன் நம்ம நீலகிரிக்கும் அந்த மீனைக் கொண்டுவந்து விட்டான். அவலாஞ்சியில போன நூற்றாண்டு தொடக்கத்துலயே குஞ்சு பொரிக்கிற பண்ணை போட்டாச்சு. மூணாறு பக்கமும் உண்டு. மதுரைக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. வைகையில இறங்கி ஃப்ளை ஃபிஷிங் பண்ணணும்னா முதல்ல வைகையில தண்ணி வேணும்.

ஆக, மலையில ட்ரவுட் பிடிக்கிற துரைமாருக்குன்னு வந்த உடுப்பு, நம்ம ஊர்ல சட்டம் வழியா சாக்கடைக்குள்ள இறங்குறவருக்கு வந்து சேர்ந்திருக்கு. தப்பே இல்ல, பொருள் ஒண்ணுதானே. ஆனா ரெண்டு பேரும் இதை எப்படி வாங்குறாங்கன்னு பாருங்க. அமெரிக்காவுல வாரக்கடைசிக்கு மீன் பிடிக்கப் போறவர் ஒரு வேடர் வாங்க ஆறு மாசம் ஆராய்ச்சி பண்றார். முழங்கால்ல எத்தனை அடுக்கு, தொடை இடுக்குல தையல் எந்தப் பக்கமா ஓடுது, பூட்ஸ் எந்த சைஸ், மூணாவது சீசன்ல எங்க ஒழுகுச்சுன்னு பக்கம் பக்கமா எழுதுறாங்க. அதையெல்லாம் ராத்திரி உக்காந்து படிச்சிருக்கேன், சுவாரசியமாத்தான் இருக்கு. நம்ம பக்கம் "வேடர் சூட் - 1" அப்படின்னு ஒரு வரி. எவ்வளவு தடிமன், என்ன சைஸ், யார் போட்டுப் பார்த்தாங்க, எதுவும் கிடையாது. பாதுகாப்பு உபகரணம் வழங்கும் விழான்னு ஒரு போட்டோ வரும், அதுல பாலித்தீன் கவர் பிரிக்காம மடிச்சு வச்சிருப்பாங்க.

அதனால அந்த ட்ரவுட் ஆசாமி கேக்குற கேள்விகளையே நம்ம சாக்கடைக்குக் கேட்டுப் பாப்போம்.

முதல் கேள்வி மெட்டீரியல். ஆத்து மீன்காரங்க இன்னிக்கு விரும்புறது "மூச்சு விடுற" துணி. கோர்-டெக்ஸ் மாதிரி, நடுவுல மெல்லிய சவ்வு வச்ச மூணு நாலு அடுக்கு. வெளித் தண்ணி உள்ள வராது, உள்ள இருக்கிற வியர்வை ஆவி வெளிய போகும். பல பத்தாயிரம் ரூபாய் விலை. மதுரை வெயிலுக்கு இதுதானே சரின்னு தோணும். ஆனா வேலைக்கு ஆகாது. ஆவி தானா வெளிய போகாது. உள்ள இருக்கிற ஈரத்துக்கும் வெளிய இருக்கிற ஈரத்துக்கும் வித்தியாசம் இருந்தாத்தான் போகும். மலை ஆத்துல வெளிய குளிர், அங்க வேலை செய்யும். மேன்ஹோலுக்குள்ள வெளியவே வெக்கையும் ஈரமும் முட்டிக்கிட்டு நிக்குது, ஆவி எங்க போகும்? போதாக்குறைக்கு சாக்கடையில சோப்புத் தண்ணியும் எண்ணெயும் கலந்திருக்கும். இந்த மாதிரித் துணிக்கு அது ரெண்டும்தான் எமன், மேல் பூச்சு போய் ஊறிடும்.

அடுத்து நியோப்ரீன். ரப்பர் நுரை, மூணுல இருந்து அஞ்சு மில்லி வரைக்கும் தடிமன். பனிக்காலத்து வாத்து வேட்டைக்காரங்க போடுறது. சித்திரை மாசம் மதுரையில இதைப் போட்டா ஆளை இட்லிக் கொப்பரையில வச்ச மாதிரிதான்.

மிச்சம் இருக்கிறது பிவிசி. நைலான் இல்லேன்னா பாலியஸ்டர் துணி மேல பிவிசி பூசினது. ரெண்டாயிரம் மூவாயிரத்துக்கெல்லாம் கிடைக்குது. காத்து போகாது, வியர்க்கும், கனக்கும். ஆனாலும் சாக்கடைக்கு இதுதான் சரி. சோப்போ எண்ணெயோ சட்டுனு ஒண்ணும் பண்ணாது, ஹோஸ் பைப்பை வச்சுக் கழுவிடலாம், கிழிஞ்சா ஒட்டலாம். வாங்கும்போது பாக்க வேண்டியது, இணைப்பு எல்லாம் உருக்கி ஒட்டினதா, தச்சு மேல டேப் ஒட்டினதா. தையல்னா ஊசி போன ஒவ்வொரு ஓட்டையும் நாளைக்கு ஒழுகுற இடம். ஒழுகல் பெரும்பாலும் மூணு எடத்துலதான் ஆரம்பிக்கும். தொடை இடுக்கு, முழங்கால், பூட்ஸும் பேன்ட்டும் சேருற வளையம். அந்த மூணுலயும் ரெட்டைத் துணி இருக்கான்னு கையை விட்டுத் தடவிப் பாத்தாலே தெரிஞ்சிடும். அதே மாதிரி, மடிச்ச இடத்துல வெள்ளைக் கோடு விழுந்திருந்தா பழைய சரக்கு, எடுக்காதீங்க. பிவிசி வெயில்ல கெட்டு மொடமொடன்னு ஆகிடும், அப்புறம் மடிப்புலயே வெடிக்கும்.

என்னைக் கேட்டா எல்லாத்தையும் விட முக்கியம் பூட்ஸ். மீன்காரருக்குப் பாசியில வழுக்காம இருந்தா போதும். நம்ம ஆளுக்கு அடியில பாட்டில் சில்லு, பிளேடு, ஆணி, ஊசி. சாதா ரப்பர் அடி நிக்காது. குத்துத் தாங்குற தகடு வச்ச அடிப்பாகம் வேணும். ஐரோப்பிய தரக் குறியீட்டுல எஸ்5-னு போட்டிருக்கும் பூட்ஸ், அதாவது தண்ணி புகாதது, ஆணி குத்தாதது, அடியில பல்லு வச்சது. அந்த பூட்ஸோட சேர்ந்தே வர்ற வேடர் உலகத்துல விக்குது. சாக்கடைத் தண்ணியில ஒரு சின்னக் கீறல் போதும் எலிக்காய்ச்சல் வர்றதுக்கு. ஒரு சூட்டை வாங்கி நாலு பேர் மாத்தி மாத்திப் போடுறதுங்கிறதும் இங்கதான் இடிக்கும். எட்டாம் நம்பர் காலுக்குப் பத்தாம் நம்பர் பூட்ஸ் போட்டா சேறு காலைப் பிடிச்சு இழுக்கும், பூட்ஸ் அங்கயே நிக்கும், ஆள் முன்னாடி சாய்வார்.

இந்த இடத்துல வழக்கமா ஒரு டயலாக் வரும். "கொடுத்தாலும் அவனுக போட மாட்டானுக சார்." நிறையப் பேர் வாயில கேட்டிருக்கேன். நல்லா படிச்சவங்க வாயிலயும். எங்க ஏரியாவுல வாய்க்கா தூர் வாருற ஒரு அண்ணன்கிட்ட ஏன்ணே போட மாட்டேங்கிறீங்கன்னு கேட்டேன். "தம்பி, வெறுங்கால்ல நின்னாத்தான் அடியில என்ன தட்டுதுன்னு தெரியும். அதைப் போட்டா அரை மணி நேரத்துல தலை சுத்துது. வியர்வை பூட்ஸுக்குள்ள நிக்குது, கழட்டிக் கவுத்தா ஊத்துது. கழுவிக் காயப்போட ஒரு எடம் கொடுத்தாகளா? வீட்டுக்கா கொண்டு போக?" அவ்வளவுதான் பதில். மென்பொருள்ல இதை யூசபிலிட்டி டெஸ்டிங்னு சொல்லி அதுக்குன்னு சம்பளம் கொடுத்து ஆள் வைப்போம். பயனர் பட்டனை அமுக்கலைன்னா பட்டன்ல கோளாறான்னு பாப்போம், பயனரைத் திட்ட மாட்டோம். இங்க மட்டும் பயனர் மேல பழி. திறந்த வாய்க்கால்ல முழங்கால் தண்ணியில வேலைன்னா எதுக்கு நெஞ்சு வரை? தொடை வரைக்கும் வர்ற வேடர் போதுமே, பாதி வெக்கை குறையுமே. காலையில வெயில் ஏறுறதுக்குள்ள வேலையை முடிச்சா என்ன? ஆளாளுக்குத் தனி சூட், வார்டு ஆபீஸ்ல தொங்கவிட ஒரு கம்பி, ஒரு தண்ணிக் குழாய். இதுக்கெல்லாம் ராக்கெட் விஞ்ஞானி தேவையில்ல.

நிற்க. இதுவரைக்கும் நான் சொன்னதெல்லாம் திறந்த வாய்க்காலுக்கு. கிருதுமால் நதின்னு ஒண்ணு, பேர்ல மட்டும் நதி, ஊருக்குள்ள சாக்கடையாத்தான் ஓடுது. ஐப்பசி மழையில அது ரொம்பி வழியும்போது இறங்குறவங்க, கண்மாய்ல ஆகாயத்தாமரை அள்ளுறவங்க, தெருவுல தேங்கின தண்ணியில கம்பை விட்டுக் குத்துறவங்க. இவங்களுக்கு நல்ல வேடர் கட்டாயம் வேணும். இன்னிக்கும் கைலியை மடிச்சுக் கட்டிக்கிட்டுத்தான் இறங்குறாங்க.

மூடி போட்ட மேன்ஹோல், பம்பிங் ஸ்டேஷன் கிணறு, செப்டிக் டேங்க் - இதெல்லாம் வேற கதை. அங்க ஆளைக் கொல்றது தண்ணி இல்ல, காத்து. ஹைட்ரஜன் சல்பைடு, அழுகின முட்டை நாத்தம். காத்தை விடக் கொஞ்சம் கனமானது, அதனால அடியில படுத்துக் கிடக்கும். கம்மியா இருந்தா நாறும். பத்து லட்சத்துல நூறு பங்கைத் தாண்டினா மூக்கு மரத்துப்போய் நாத்தமே தெரியாது. நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்னு நினைக்கிற நேரம்தான் ஆபத்தான நேரம். எழுநூறு, ஆயிரம்னு போனா ஒண்ணு ரெண்டு மூச்சுலயே ஆள் மயங்கி விழலாம். மேல இருந்து பாக்குறப்ப சாதாரணமா இருக்கிற கிணறுகூட, உள்ள இறங்கி சேத்தை மிதிச்சா அதுல அடைஞ்சு கிடந்த வாயு குபுகுபுன்னு கிளம்பும். அதாவது, வேடர் போட்டு நடக்கிற நடையே வாயுவைக் கிளப்பும். அந்த நேரம் நெஞ்சு வரைக்கும் பிவிசி போட்டிருந்தா என்ன, பட்டு வேட்டி கட்டியிருந்தா என்ன?

இன்னொண்ணு. நெஞ்சு வரை வேடர் போட்டவர் தண்ணிக்குள்ள விழுந்தா சூட் நிறைஞ்சு கல்லு மாதிரி அடியில இழுத்துடும்னு சொல்வாங்க. அது முழு உண்மையில்ல. தண்ணிக்குள்ள இருக்கிற தண்ணிக்குக் கனம் கிடையாது. மேல ஏறும்போதுதான் கனம். நாப்பது லிட்டர் உள்ள போயிருந்தா நாப்பது கிலோவைக் கட்டிக்கிட்டு ஏணி ஏறணும். மயங்கினவரைக் கயித்துல தூக்குறவங்களுக்கும் அந்த நாப்பது கிலோ சேரும். அதனாலதான் மீன்காரங்க இடுப்புல வேடருக்கு மேல ஒரு பெல்ட் கட்டுவாங்க, தண்ணி கீழ இறங்காம. நம்ம ஆளுக்கு பெல்ட் மட்டும் போதாது, உடம்பு முழுக்க மாட்டுற ஹார்னஸ் வேடருக்கு மேல மாட்டணும், மேல முக்காலி போட்டுக் கயிறு ஒருத்தர் கையில இருக்கணும். அப்பத்தான் ஒருத்தர் விழுந்தா மத்தவங்க உள்ள குதிக்காம மேல இருந்தே தூக்கலாம்.

2022 ஏப்ரல்ல எங்க ஏரியாவுக்கு மேற்க, பழங்காநத்தம் நேரு நகர் கழிவுநீர் பம்பிங் ஸ்டேஷன்ல மோட்டார் வேலைக்குப் போன மூணு ஒப்பந்தத் தொழிலாளர்கள் இறந்துபோனாங்க. ஒருத்தர் உள்ள விழ, காப்பாத்தப் போன மத்தவங்களும் போய்ட்டாங்க. இப்படி விழுந்தவரைத் தூக்க இறங்கி அவங்களும் சாகுறது ஊர் ஊரா நடக்குது. மதுரையில இது முதல் தடவையும் இல்ல. திவ்யபாரதியோட "கக்கூஸ்" ஆவணப்படம் 2017-ல வந்தப்ப பாத்தவங்களுக்குத் தெரியும். சாக்கடை, செப்டிக் டேங்க் சாவுகள்ல தமிழ்நாடு முதலிடம்னு நாடாளுமன்றத்துல கொடுக்கிற கணக்கு பல தடவை சொல்லியிருக்கு. எதெதிலயோ முதலிடம்னு பேனர் வைக்கிறோம், இதுக்கு யாரும் வைக்க மாட்டாங்க.

இப்ப சட்டத்துக்குத் திரும்ப வருவோம், ஏன்னா எனக்கு உறுத்துற இடம் அங்கதான் இருக்கு. 2013 சட்டம் சாக்கடையில "அபாயகரமான" சுத்தம் பண்ண ஆளை வைக்கக் கூடாதுன்னு தடை போடுது. முதல் தடவை மாட்டினா ரெண்டு வருஷம் வரை ஜெயில், இல்ல ரெண்டு லட்சம் வரை அபராதம், இல்ல ரெண்டும். சரி, எது அபாயகரமான சுத்தம்? பாதுகாப்புச் சாமானும் கருவியும் கொடுக்காம, முன்னெச்சரிக்கையும் எடுக்காம ஆளை வச்சுச் செய்யறது. அப்ப சாமான் கொடுத்து, முன்னெச்சரிக்கையும் எடுத்தாச்சுன்னு காட்டிட்டா? புரோகிராமர் கண்ணுக்கு இது ஒரு 'இஃப்' கண்டிஷன். ஒரு ஃபிளாக் சரியா இருந்தா குற்றம்ங்கிறது குற்றம் இல்லைன்னு ஆகிடுது. அந்த ஃபிளாக்கை எப்படி சரிபாக்குறது? நடைமுறையில, கண்ணுக்குத் தெரியறதை வச்சு. நாற்பது அயிட்டத்துல போட்டோவுல நல்லா தெரியறது எது? பளபளன்னு பச்சைக் கலர்ல நெஞ்சு வரைக்கும் இருக்கிற வேடர். வாயு மானிட்டர் உள்ளங்கை அளவு, அது பேட்டரி போட்டு ஓடுதா, கடைசியா எப்ப சரிபார்த்தாங்கன்னு போட்டோவுல தெரியாது.

நியாயமா, விதிகள் இதுக்கு மேலயும் ஒரு பூட்டு போட்டிருக்கு. சாமான் எல்லாம் போட்டிருந்தாலும் ஆளை இறக்கக் கூடாது, சில விதிவிலக்கு தவிர. உடைஞ்ச மூடி உள்ள விழுந்து மெஷினால எடுக்க முடியாதப்ப, புதுக் குழாயைப் பழைய பெரிய குழாயோட சேர்க்கிறப்ப, கிணத்துக்கு அடியில மாட்டின பம்பைக் கழட்டுறப்ப, இப்படி. அதுவும் போக, தவிர்க்கவே முடியலைன்னா உள்ளாட்சித் தலைமை அதிகாரி காரணத்தை எழுத்துல பதிவு பண்ணி அனுமதிக்கணும். பம்பைக் கழட்டுறதுன்னு ஒரு விதிவிலக்கு இருக்கு பாருங்க, நேரு நகர்ல நடந்ததும் மோட்டார் வேலைதான். ஆக, மெஷின் வந்தா எல்லாம் சரியாகிடும்ங்கிறதுல பாதிதான் உண்மை. கேரளாவுல 2018-ல பேண்டிகூட் ரோபோ வந்துச்சு, சென்னை ஐஐடியில செப்டிக் டேங்குக்கு ஹோமோசெப்னு ஒரு கருவி செஞ்சாங்க. ரெண்டுக்கும் கைதட்டலாம். ஆனா பம்பு ரிப்பேருக்கு ஆள் எட்டிப் பார்த்துக்கிட்டுத்தான் இருப்பார். அந்த பம்பை மேல இருந்தே சங்கிலியில தூக்குற மாதிரி மாட்டி வச்சா யாரும் இறங்கவே வேண்டாம். கம்பித் தண்டவாளத்துல ஏறி இறங்குற பம்பு ஒண்ணும் புதுசு கிடையாது. டிசைன் பண்ணும்போதே பண்ண வேண்டிய வேலை.

"அப்ப நல்ல வேடர் வாங்கிக் கொடுன்னு நீ கேக்குறதே அவனை உள்ள இறக்குறதுக்கு வழி பண்ற மாதிரி இல்லையா?" அப்படின்னு ஆபீஸ் நண்பன் ஒருத்தன் மடக்கினான். நியாயமான கேள்வி. என் கட்சி இதுதான்: மேன்ஹோலுக்கான பட்டியல்ல வேடர் கடைசியா வரட்டும். வாயு அளந்த எண் எழுதின தாள், புளோயர், முக்காலி, ஹார்னஸ், எழுத்துல அனுமதி - இதுல ஒண்ணு இல்லைன்னாலும் வேடரை எடுத்து மாட்டவே கூடாது. திறந்த வாய்க்காலுக்கு வேடர் முதல்ல வரட்டும், அதுவும் நல்லதா. ஒரே சாமான்தான், ஆனா ரெண்டையும் ஒரே ரிஜிஸ்டர்ல ஒரே வரியில எழுதுறதுதான் வினை.

மாநகராட்சி, கான்ட்ராக்டர்னு மட்டும் சொல்லிட்டு நாம நழுவிட முடியாது. வீட்டு செப்டிக் டேங்க் நிறைஞ்சதும் தெருமுனையில நிக்கிற ஆளைக் கூப்பிட்டு, ஐநூறும் ஒரு குவாட்டருக்குக் காசும் கொடுத்து உள்ள இறக்குற வீடு எத்தனை? சட்டத்துல தடை அரசாங்கத்துக்கு மட்டும் இல்ல, எந்த ஒரு நபருக்கும்தான். வீட்டுக்காரருக்கும் சேர்த்துத்தான். இறந்தா குடும்பத்துக்குப் பத்து லட்சம்னு 2014-ல உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபர்ல அதையே முப்பது லட்சமா உயர்த்திச்சு. லாரி வரச் சொன்னா ஆயிரம் ரெண்டாயிரம் ஆகுது, தெரு குறுகலா இருக்கு, பைப்பு எட்டாதுன்னு சொல்றவங்க, நீள பைப்பு இருக்கிற லாரியாக் கேளுங்க. கூடுதலாக் கொடுங்க. மூணு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற செலவுதான். 14420-ன்னு ஒரு இலவச எண்ணும் இருக்கு, செப்டிக் டேங்க் எடுக்கவும், ஆளை உள்ள இறக்குறதைப் பாத்தா புகார் சொல்லவும்.

கொசுறு: வேடர்ல ஓட்டை எங்கன்னு கண்டுபிடிக்க, ராத்திரி லைட்டை அணைச்சுட்டு உள்ள டார்ச்சை விட்டு மெதுவா நகர்த்துங்க. ஊசி முனை ஓட்டைகூட நட்சத்திரம் மாதிரித் தெரியும், மார்க்கர்ல வட்டம் போட்டு வச்சுக்கிட்டு காஞ்சதும் பிவிசி பசையும் ஒட்டுத் துணியும் வச்சு உள்ளயும் வெளியயும் ஒட்டிடுங்க. சைக்கிள் கடையில டியூபுக்கு ஒட்டுற சொல்யூஷன் இதுல பிடிக்காது, அது ரப்பருக்கு. கழுவினதும் பூட்ஸ் மேல இருக்கிற மாதிரி தலைகீழாத் தொங்கவிடுங்க, நிழல்ல. மடிச்சு மூட்டை கட்டினா எலி கடிக்கும்.